டாக், ஆம்ப் வாங்கும் முன்: வித்தியாசம் கேட்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கும் முறை

பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து முதல்முறையாக நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கியவரிடம், மாதம் ஒன்று முடிவதற்குள் யாராவது வந்து, இதைப் போனில் செருகிக் கேட்டால் இதன் அருமை தெரியாது, தனியாக ஒரு டாக்கும் ஆம்ப்பும் வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். பெங்களூரில் அலுவலக நண்பர்கள் நடுவே இந்தப் பேச்சு அடிக்கடி எழும். அல்சூரில் என் வாடகை வீட்டு மேசையில் இருக்கும் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் டாக்-ஆம்ப் பெட்டியும் அப்படி ஒரு பேச்சைக் கேட்டு வந்ததுதான். கடைக்காரர் முதலில் என் போனிலும், பிறகு அந்தப் பெட்டியிலும் ஒரே பாட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டாவது முறை பாட்டு சற்றே உரத்து ஒலித்தது என்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அந்தத் தவறைப் புதிதாக வருபவர்கள் செய்யாமல் இருக்க, எந்தக் கணக்கை எப்போது போடுவது, எதை எப்படிச் சோதிப்பது என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எது ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று பாருங்கள்

டாக் என்பது எண்களாகப் பதிந்திருக்கும் பாட்டை மின்னலையாக மாற்றுவது. ஆம்ப் என்பது அந்த மின்னலைக்கு ஹெட்ஃபோனின் சவ்வை அசைக்கும் அளவுக்கு வலு சேர்ப்பது. போன், லேப்டாப் போல ஒலி கொடுக்கும் எந்தக் கருவிக்குள்ளும் இவை இரண்டும் உண்டு. யு.எஸ்.பி.-சி துளையில் செருகி 3.5 மி.மீ. ஹெட்ஃபோனை மாட்டும் சின்ன டாங்கிளின் முனைக்குள்ளேயும் இரண்டும் இருக்கின்றன. புளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டாக்கும் ஆம்ப்பும் அந்த ஹெட்ஃபோனுக்குள்ளேயே இருப்பதால், கம்பியில்லாமல் கேட்கும்வரை வெளியே எதை வாங்கினாலும் அது பாட்டின் வழியில் வராது.

ஒப்பிடுவதற்கு மலிவான டாங்கிள் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆப்பிளின் டாங்கிள் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. ஏறத்தாழ 1 வோல்ட் தருகிறது. அளவைக் கருவிகளில் அதன் இரைச்சலும் திரிபும் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கின்றன. சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் உச்ச ஒலி வழக்கத்தைவிடக் குறைவாக வரும். அது போனின் அமைப்பால் வருவது, டாக்கின் தரக்குறைவு அல்ல. ஆகவே சோதனைக்கு லேப்டாப்பில் செருகுங்கள்.

இரண்டாம் படி: வலு போதுமா என்று கணக்குப் போடுங்கள்

ஹெட்ஃபோன் பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது மின்னலைக்கு ஹெட்ஃபோன் காட்டும் தடை, ஓம் கணக்கில். மற்றொன்று சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் வலுவுக்கு எவ்வளவு உரத்து ஒலிக்கும் என்பது, டெசிபல் கணக்கில். இரண்டாவது எண் 1 மில்லிவாட்டுக்குச் சொல்லப்பட்டதா, 1 வோல்ட்டுக்குச் சொல்லப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் 32 ஓம் ஹெட்ஃபோனில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 15 டெசிபல் வேறுபாடு வரும். 300 ஓம் ஹெட்ஃபோனில் அது 5 டெசிபல்தான். இதைக் கவனிக்காமல் இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டு, இது ஓட்டக் கடினமானது, அது எளிதானது என்று பேசுபவர்கள் ஏராளம்.

ஓர் உதாரணம். 1 வோல்ட்டுக்கு 100 டெசிபல் தரும் ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்வோம். பாட்டின் சராசரி 75 டெசிபல், அதன் உச்சங்கள் அதற்கு மேல் 20 டெசிபல் என்று வைத்தாலும் 95தான் ஆகிறது. டாங்கிளின் 1 வோல்ட் அதற்குப் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். காதில் செருகும் இன்-இயர்களுக்கு 0.1, 0.2 வோல்ட்டே பெரிது. மறுபக்கம், ஹைஃபைமேன் நிறுவனத்தின் ஹெச்.இ.-6 போன்றதும் உண்டு: 50 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அதில் 110 டெசிபல் உச்சத்தைத் தொட ஏறத்தாழ 450 மில்லிவாட், அதாவது 4.7 வோல்ட் வேண்டும். டாங்கிள் தரும் 1 வோல்ட்டில் அது 96.5 டெசிபலோடு நின்றுவிடும். இப்படிப்பட்ட ஹெட்ஃபோனுக்கு ஆம்ப் உண்மையிலேயே தேவை. அங்கே கேட்கும் வித்தியாசம் கற்பனை அன்று.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். புதிய திரைப்பாடல்கள் உரத்த அளவில் பதிவாகி வருவதால் எந்தப் போனிலும் நன்றாகவே ஒலிக்கும். பழைய கச்சேரிப் பதிவுகளோ மெதுவான அளவில் இருக்கும். ஒலியை முழுக்க வைத்தும் ஆலாபனை அடங்கிக் கேட்கிறது, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பி விழும்போது மட்டும் கரகரக்கிறது என்றால், அங்கே வலு தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்படியில்லாமல் ஒலிப்பட்டையை முக்காலுக்கு மேல் ஏற்றவே தேவையில்லாதவருக்கு இரண்டு வாட் தரும் ஆம்ப் புதிதாக எதையும் கொடுக்காது. காதுக்கு உள்ள எல்லையையும் மறக்கக் கூடாது: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

மூன்றாம் படி: அவுட்புட் இம்பீடன்ஸ்

ஆம்ப்கள் வேறு வேறாக ஒலிக்கின்றன என்று சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை என்பதற்கு இதுவே காரணம். அவுட்புட் இம்பீடன்ஸ் எனப்படும் ஆம்ப்பின் உள்தடை, ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸோடு வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் சுருதிக்குச் சுருதி, அதாவது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண், மாறினால் அந்தப் பங்கும் மாறும். பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் சிறு பாகங்கள்) உள்ள இன்-இயர் ஒன்று ஓரிடத்தில் 8 ஓம், வேறோர் இடத்தில் 40 ஓம் காட்டுகிறது என்று கொள்ளுங்கள். ஆம்ப்பின் உள்தடை 10 ஓம் என்றால் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 5 டெசிபல் ஏற்ற இறக்கம் புதிதாக முளைக்கும். இதைக் கேட்கத் தேர்ந்த காது வேண்டியதில்லை. உள்தடை 1 ஓம் என்றால் அதுவே 0.8 டெசிபலாகச் சுருங்கிவிடும். ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்பின் உள்தடை போகக் கூடாது என்ற வழக்கு இதிலிருந்து வந்ததே.

வெற்றிடக் குழாய் வைத்துச் செய்யும் வால்வு ஆம்ப்களின் ‘இதமான’ ஒலியில் ஒரு பகுதிக்கும் இதுவே விளக்கம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களில் உள்தடை நூறு ஓமைத் தொடுவது உண்டு. 300 ஓம் ஹெட்ஃபோன்களுக்கோ 100 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் இம்பீடன்ஸ் ஒரு மேடுபோல உயரும். இரண்டும் சேர்ந்தால் அடிநாதம் ஏறத்தாழ 1 டெசிபல் தூக்கிக் கேட்கும். அது பிடித்திருந்தால் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதே 1 டெசிபலை, சுருதிவாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைஸர் மென்பொருளில் காசில்லாமல் ஏற்றிக்கொள்ளலாம் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

டாக் பக்கத்தில் இதுபோல் வெளிப்படையாகக் கேட்கக்கூடியது, வடிகட்டி இல்லாத ‘நாஸ்’ வகை. சி.டி.யின் நொடிக்கு 44,100 மாதிரி வேகத்தில் அது 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும், 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலும் இறங்கிவிடும். ஜால்ராவின் கூர்மை சற்று மழுங்குவதைத்தான் சிலர் ‘அனலாக் தன்மை’ என்று புகழ்கிறார்கள். இதைத் தவிர, ஒழுங்காகச் செய்யப்பட்ட டாக்குகளில் சிப்பின் பெயரை வைத்து ஒலியை யூகிப்பதில் பொருளில்லை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏ.கே.எம். நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பிடித்தபோது, பல தயாரிப்பாளர்கள் ஈ.எஸ்.எஸ். போன்ற வேறு நிறுவனங்களின் சிப்புக்கு மாறினார்கள். வெல்வெட் போன்றது என்றும் கண்ணாடி போன்றது என்றும் அதுவரை சிப்புகளுக்குச் சூட்டி வந்த அடைமொழிகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு நிரூபித்தவர்களை நான் பார்த்ததில்லை.

நான்காம் படி: இரைச்சலின் மூலத்தைக் கண்டுபிடியுங்கள்

பாட்டு ஓடாதபோது ஹெட்ஃபோனில் ‘உஸ்’ என்றோ ‘ம்ம்’ என்றோ கேட்டால், உடனே டாக்கை மாற்ற ஓடாதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெங்களூரின் பழைய வாடகை வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் சுவரில் இருக்கும், அதன் எர்த் கம்பி மட்டும் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. லேப்டாப்பின் உலோக உடலைப் புறங்கையால் தொட்டால் மெல்லிய சுருசுருப்பு தெரியும். என் வீட்டில் அந்த ‘ம்ம்’ மூன்று மாதம் இருந்தது. அதை விரட்டுவதற்காகவே நான் யு.எஸ்.பி. வடிகட்டி ஒன்றை வாங்கினேன், அது ஒன்றும் செய்யவில்லை; கடைசியில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்தபோது நின்றது. சார்ஜரைப் பிடுங்கியும் ‘உஸ்’ தொடர்ந்தால், நுட்பமான இன்-இயரை அளவுக்கு மீறிய வலுவுள்ள ஆம்ப்பில் மாட்டியிருக்கிறீர்கள். ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கெய்ன் பொத்தானைக் குறைவுக்குத் தள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சோதனை

இதற்கு ஒரு மதியம் ஒதுக்க வேண்டும், உதவிக்கு ஒருவர் வேண்டும், வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வேண்டும். பெங்களூரின் மின்னணுப் பொருள் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் மல்டிமீட்டர் கேட்டால் முதலில் கையில் கொடுப்பது அந்த மஞ்சள் நிற மலிவுப் பெட்டிதான். நானும் அதைத்தான் வாங்கி வந்தேன். அதில் ஏ.சி. வோல்ட்டின் மிகச் சிறிய வரம்பே 200 வோல்ட். நாம் அளக்கப்போவதோ அரை வோல்ட்டுக்கும் கீழே. திரையில் 00.4 என்று காட்டிவிட்டு அசையாமல் நின்றது. மறுநாள் போய் மாற்றித் தரக் கேட்டபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே தமிழிலேயே, "சார், ஏ.சி. ரெண்டு வோல்ட் ரேஞ்ச் இருக்கான்னு கேட்டு வாங்கியிருக்கணும்" என்றார். நீங்கள் கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு 3.5 மி.மீ. இரட்டைப் பிரிப்பான் கம்பியும், மூன்று பட்டை உள்ள வெறும் பிளக் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒலி அளவைச் சமன் செய்வதுதான் இந்தச் சோதனையின் உயிர். சற்றே உரத்து ஒலிப்பது நம் காதுக்கு உரத்ததாகத் தெரியாது, தெளிவானதாகவும் அடிநாதம் நிறைந்ததாகவும் தெரியும். ஒலி உயரும்போது தாழ்ந்த சுருதிகள் காதுக்கு முன்னே வருகின்றன என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அரை டெசிபல் வேறுபாடே முடிவைக் கெடுக்கப் போதும். குத்துமதிப்பாகக் காதால் சமன் செய்வது இங்கே உதவாது.

முறை இதுதான். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தடுமாறும் என்பதால் இந்தச் சுருதி பாதுகாப்பானது. டாங்கிளில் பிரிப்பானைச் செருகி, ஒரு கிளையில் ஹெட்ஃபோனையும் மறு கிளையில் வெறும் பிளக்கையும் மாட்டுங்கள். அந்தப் பிளக்கின் நுனி இடது காது, அடிப்பட்டை பொதுத்தரை. மீட்டரின் முனைகளை அந்த இரண்டிலும் வைத்துப் படியுங்கள், நுனியையும் நடுப்பட்டையையும் ஒரே முனையால் தொட்டுவிடாதீர்கள். டாங்கிளின் ஒலி படிப்படியாகத்தான் மாறும் என்பதால் அதை முதலில் வசதியான அளவில் நிறுத்தி, மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு விலையுயர்ந்த பெட்டியின் திருகைச் சுழற்றி அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். டாங்கிளில் 0.400 வோல்ட் என்றால் பெட்டியில் 0.395-க்கும் 0.405-க்கும் நடுவே நிற்க வேண்டும்; அதுவே ஏறத்தாழ 0.1 டெசிபல். நின்றதும் திருகின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். சமன் செய்யும்போதும் கேட்கும்போதும் ஒரே ஹெட்ஃபோன் மாட்டியிருக்க வேண்டும்.

அடுத்து, கண்ணை மறைக்க வேண்டும். உதவிக்கு வருபவர் முன்கூட்டியே நாணயத்தைச் சுண்டி, 16 சுற்றுகளுக்கு எது எதில் வரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் டாங்கிள், பிறகு பெட்டி, பிறகு தாளில் உள்ளபடி இரண்டில் ஒன்று. மூன்றாவதாக வந்தது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஏ.பி.எக்ஸ். சோதனை என்பது இதுதான். பத்துப் பதினைந்து நொடிப் பகுதியையே திரும்பத் திரும்பக் கேளுங்கள், ஏனென்றால் ஒலியின் நுண்மைகள் நினைவில் சில நொடிகளுக்கு மேல் தங்குவதில்லை. முந்தாநாள் கேட்டதோடு இன்று கேட்பதை ஒப்பிடுவதில் அதனால்தான் பயனில்லை. நான் எடுத்துக்கொண்டது எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றில் பேஸ் கிட்டாரும் வயலின்களும் சேரும் இடமும், ஒரு கச்சேரிப் பதிவில் தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்கமும்.

என் அக்கா மகள் தான் உதவிக்கு வந்தாள். முதல் முறை பதினாறில் பதினான்கைச் சரியாகச் சொல்லிவிட்டேன். நாற்பத்தைந்தாயிரமும் வீண்போகவில்லை என்று எழுந்து நின்றேன். அவள் தாளைப் பார்த்தபடி, "மாமா, நீங்க பாட்டையா கேட்டீங்க? இந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் ‘டிக்’னு சொல்லுதே" என்றாள். உண்மைதான். பாட்டு தொடங்கும் ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஒன்று விழுந்துகொண்டிருந்தது. எனக்கே தெரியாமல் என் காது அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை அவள் இரண்டிலும் பாட்டை முன்கூட்டியே ஓடவிட்டு, எது வந்தாலும் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். இந்தத் தடவை பதினாறில் ஒன்பது. நாணயம் சுண்டிச் சொன்னாலும் எட்டு வந்திருக்கும்.

வேகமாக மாற்றுவதற்காக எஸ்.பி. ரோட்டில் ஸ்விட்ச் பெட்டி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளையை அதில் இணைக்காதீர்கள். அந்த வகையில் இடது வலது இரண்டுக்கும் பொதுத்தரை கிடையாது. ஸ்விட்ச் பெட்டி இரண்டின் தரையையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் ஆம்ப் பழுதாகலாம். அதேபோல், பிரிப்பான் கம்பியைத் திருப்பிப் போட்டு இரண்டு ஆம்ப்களை ஒரே ஹெட்ஃபோனில் சேர்ப்பதும் கூடாது.

ஆறாம் படி: முடிவைப் படிப்பது

பதினாறில் பன்னிரண்டும் அதற்கு மேலும் சரியாக வந்தால், வெறும் ஊகத்தால் அது நிகழ நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. வித்தியாசம் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதோடு நிறுத்தாமல், எதனால் என்று தேடுங்கள்: அளவு விலகியதா, உள்தடையா, இரைச்சலா, ரிலேயா. பன்னிரண்டுக்குக் கீழே என்றால் வித்தியாசமே இல்லை என்று நிரூபணமாகிவிடவில்லை. உங்கள் காதுக்கு, உங்கள் ஹெட்ஃபோனில், அந்தப் பாட்டில் அகப்படவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. காசு கொடுப்பவருக்கு அந்த அளவே போதும் என்பது என் கருத்து.

உலகில் பெரிய அளவில் செய்தவர்களுக்கும் ஏறத்தாழ இதுவே கிடைத்தது. 2007-இல் மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், சி.டி.யைவிடக் கூடுதல் நுட்பத்தோடு பதிவான உயர் தெளிவுப் பதிவுகளின் வழியில் சி.டி. தரத்துக்கு மாற்றித் திரும்ப மின்னலையாக்கும் கருவி ஒன்றைக் கூடுதலாக நுழைத்துக் கேட்கச் செய்தார்கள். 554 முறைகளில் 276 முறை சரி, அதாவது பாதிக்கு ஒரு மயிரிழை குறைவு. ஒரு மாற்றியை மாற்றுவதுகூட இல்லை, முழுதாக ஒரு சுற்று மாற்றத்தைப் புதிதாகச் சேர்த்தும் நிலைமை இது. எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும்: 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மொத்தத்தில் 52.3 விழுக்காடு சரியாக வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது ஏறத்தாழ அறுபதாக இருந்தது. உயர் தெளிவுப் பதிவு குறித்த விஷயம் அது. இருந்தாலும் எவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பற்றி எவ்வளவு பெரிய தொகையைப் பேசுகிறோம் என்பது அதிலும் தெரிகிறது.

ஏழாம் படி: பணத்தை எங்கே போடுவது

ஹெட்ஃபோனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் இடையே பல டெசிபல் வேறுபாடு சாதாரணமாக உண்டு. தேய்ந்த காது மெத்தையைப் புதிதாக மாற்றினாலே அடிநாதம் மாறுவது கேட்கும். ஆகவே முதலில் ஹெட்ஃபோன், பிறகு காது மெத்தை, பிறகு ஈக்வலைஸர். விண்டோஸில் ஈக்வலைஸர் ஏ.பி.ஓ., ஆண்ட்ராய்டில் வேவ்லெட், இரண்டுக்கும் செலவில்லை. 128 கிலோபிட் எம்.பி.3-ஆகப் பத்து வருடத்துக்கு முன் இறக்கி வைத்த பாட்டு எந்த டாக்கில் போட்டாலும் அதே பாட்டுதான். அந்தத் தொகுப்பைப் புதுப்பிப்பதே பெரிய மேம்பாடு. இரண்டாம் படிக் கணக்கில் வலு போதவில்லை என்று தெரிந்தவர் மட்டும், உள்தடை 1 ஓமுக்குக் கீழே உள்ள ஆம்ப் ஒன்றைப் பத்தாயிரத்துக்குள் தேடலாம்.

அதற்கு மேல் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்றால், உலோக உடல், ரிமோட், கூடுதல் துளைகள், வழுக்கிச் சுழலும் திருகு, மேசையில் அது அமரும் அழகு ஆகியவற்றுக்கு. இவை பொய்யான மதிப்புகள் அல்ல. என் பெட்டியை நான் விற்கவில்லை. அதன் திருகைச் சுழற்றுவது எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரே இடத்தில் டிவியும் லேப்டாப்பும் செருகியிருக்கின்றன. ஒலிக்காக வாங்கினேன் என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.

பழையது வாங்க நினைப்பவர் நேரில் போய், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திருகை மிகத் தாழ்விலிருந்து மெதுவாக ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏறும்போது கரகரப்பு கேட்டால் திருகு தேய்ந்திருக்கிறது. தாழ்ந்த அளவில் ஒரு காதில் மட்டும் பாட்டு முந்திக் கேட்டால், இன்-இயர் வைத்திருப்பவருக்கு அந்த ஆம்ப் உதவாது, ஏனென்றால் அவர் கேட்கும் அளவு முழுக்க அந்தத் தாழ்விலேயே இருக்கும். கேட்டு முடித்ததும் பாட்டை நிறுத்திவிட்டுத் திருகை உச்சம்வரை ஏற்றி, ஹெட்ஃபோனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தபடி இரைச்சல் வருகிறதா என்று பாருங்கள். திரும்பப் பாட்டைப் போடும் முன் திருகைக் கீழே இறக்க மறந்துவிடாதீர்கள்.